கடல் கடந்த எழுத்தும் கரையில் நின்ற கூலியும்

இணையத்தில் நூலை வெளியிட்டால் உலகம் முழுவதும் விற்கலாம், டொலரில் உழைக்கலாம் என்ற பேச்சு எங்களுடைய இலக்கியக் கூட்டங்களில் சில ஆண்டுகளாகவே அடிபட்டு வருகிறது. பேசுபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களுள் உண்மையிலேயே முயன்று பார்த்தவர்கள் அடுத்த கூட்டத்தில் அதைப்பற்றி வாய் திறப்பதில்லை. நூல் தளத்தில் ஏறிவிட்டது. கனடாவிலும் கட்டாரிலும் யாரோ வாங்கியும் விட்டார்கள். காசு இலங்கைக்கு வரும் வழிதான் தெரியவில்லை. இதனை இணையத்தோடு சேர்ந்து வந்த புதிய சிக்கலாகவே பலரும் கருதுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. எழுத்து எல்லையைக் கடப்பதும் அதற்குரிய கூலி எல்லையில் நிறுத்தப்படுவதும் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை. அக்கதையின் பெரும்பகுதி, இன்று எங்களை எழுத அழைக்கும் தளங்களின் தாய்நாடான அமெரிக்காவிலேயே நடந்திருக்கிறது.

ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது பதிப்புரிமைச் சட்டம் 1790 ஆம் ஆண்டு நிறைவேறியது. அதன் ஐந்தாம் பிரிவு வெளிப்படையானது. அந்நாட்டின் பிரசையோ வாசியோ அல்லாத ஒருவர் பிறநாட்டில் எழுதி வெளியிட்ட நூலை இறக்குமதி செய்வதற்கோ, விற்பதற்கோ, மீள அச்சிடுவதற்கோ இச்சட்டம் தடையாகாது என்பதே அதன் சாரம். ஆங்கிலேய எழுத்தாளனின் நூலை அமெரிக்க அச்சகத்தார் எவரும் அவனைக் கேளாமலும் ஒரு சதம் கொடாமலும் அச்சிடலாம். இதனைத் திருட்டு என்று சொல்வதற்கில்லை. சட்டமே திறந்து வைத்த கதவு அது.

அக்கதவு நூறு ஆண்டுகள் திறந்தே கிடந்தது. பிலடெல்பியாவிலும் நியூயோர்க்கிலும் பெரும் பதிப்பகங்கள் அதனால் தழைத்தன. லண்டனிலிருந்து கப்பலில் வரும் புதிய நாவலை எவர் முதலில் பெற்று, எவர் முதலில் அச்சுக்கோத்து, எவர் முதலில் கடைக்கு அனுப்புவது என்று போட்டி. 1840 களின் தொடக்கத்தில் சில வார இதழ்கள் பத்திரிகைத் தாளிலேயே முழு நாவலையும் நெருக்கி அச்சிட்டு, சில்லறைக் காசுக்கு விற்றன. போட்டி மிஞ்சியபோது பெரும் பதிப்பகத்தார் தமக்குள் ஓர் எழுதாத ஒழுங்கை வகுத்துக்கொண்டனர். ஓர் ஆங்கில எழுத்தாளனை முதலில் அறிவித்த பதிப்பகமே தொடர்ந்தும் அவனை அச்சிடும். ஏனையோர் விலகி நிற்பர். நூலின் அச்சுத் தாள்களை முன்கூட்டியே அனுப்பி வைப்பதற்காக எழுத்தாளனுக்குச் சிலவேளை பணமும் கொடுத்தனர். ஹார்ப்பர் சகோதரர்கள் அவ்வாறு கொடுத்தவர்களே. ஆனால் அது உரிமையாக வந்த பணமன்று. தரகாக வந்த பணம். பெயர் பெற்றவனுக்குக் கிடைத்தது. பெயர் பெறாதவனுக்குக் கிடைக்கவில்லை.

எழுத்தாளர்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஹரியட் மார்ட்டினோ போன்றோர் முன்னின்று திரட்டிய, ஐம்பதுக்கும் மேற்பட்ட பிரித்தானிய எழுத்தாளர்களின் கையொப்பம் தாங்கிய மனுவொன்று 1837 இல் அமெரிக்கக் காங்கிரசுக்குச் சென்றது. செனட்டர் ஹென்றி க்ளே அதனைச் சமர்ப்பித்து, சட்டமூலமொன்றையும் கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. மீண்டும் கொண்டுவந்தார். மீண்டும் நிறைவேறவில்லை.

1842 ஜனவரியில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் பொஸ்டன் துறைமுகத்தில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு முப்பது வயதும் நிறைந்திருக்கவில்லை. அமெரிக்கா முழுவதும் அவரை வாசித்திருந்தது. விருந்துக்கு மேல் விருந்து வைத்தது. பொஸ்டன் விருந்திலும் ஹார்ட்போர்ட் விருந்திலும் அவர் சர்வதேசப் பதிப்புரிமை பற்றிப் பேசினார். கடன் சுமையோடு மாண்ட சேர் வோல்ட்டர் ஸ்கொட்டை நினைவூட்டினார். விருந்துக்கு அழைத்தவர்களுக்கு அது உவப்பாக இருக்கவில்லை. பத்திரிகைகள் சில அவரைக் காசாசை பிடித்தவர் என்று ஏசின. ஏசிய பத்திரிகைகளுட் சில, பிறநாட்டாரின் கதைகளை இலவசமாக எடுத்துப் போட்டு வளர்ந்தவை என்பதை இங்கே சொல்லாமல் விடமுடியாது. கூலி கேட்கும் எழுத்தாளனைப் பேராசைக்காரன் என்று சொல்லும் வழக்கம் எங்களிடையேயும் உண்டு. கவியரங்குக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துபவரிடம் பஸ் காசு கேட்டுப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

டிக்கன்ஸ் இரண்டாவது தடவையாக 1867 இல் அமெரிக்கா சென்றார். அம்முறை பதிப்புரிமை பற்றிப் பேசப் போகவில்லை. தம் கதைகளை மேடையில் வாசிக்கப் போனார். அடுத்த ஆண்டு திரும்பியபோது ஏறக்குறைய 19,000 பவுண் உழைத்திருந்தார். அவருடைய நூல்கள் கால் நூற்றாண்டாக அந்நாட்டில் இலட்சக்கணக்கில் விற்பனையாகியிருந்தன. அவற்றுக்கு உரிமையாகக் கிடையாத பணம், நோயுற்ற உடம்போடு கடல் கடந்து நேரில் போய் நின்று, தொண்டை கிழிய வாசித்தபோது கிடைத்தது. எழுத்துக்கு அல்ல, ஆளுக்கே அந்நாட்டில் கூலி இருந்தது.

அமெரிக்கர்களின் பக்க நியாயத்தையும் கேட்கவேண்டும். மலிவான நூலே மக்களுக்கு அறிவைக் கொண்டு சேர்க்கும், இளம் தேசமொன்று பழைய தேசத்துப் பதிப்பாளருக்குக் கப்பம் கட்டவேண்டியதில்லை என்று பிலடெல்பியாவின் ஹென்றி கேரி 1853 இல் கடிதங்களாகவே எழுதி வெளியிட்டார். அதனை முற்றாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ரூபாய் இரண்டுக்கும் மூன்றுக்கும் கிடைத்த மொஸ்கோ வெளியீடுகளில்தான் எனது தலைமுறை ருசிய நாவல்களைத் தமிழில் படித்தது. அவை அரசொன்று தன் செலவில் அனுப்பியவை என்பது வேறு விடயம். ஆயினும் மலிவு விலைக்கு ஏங்கிய வாசகனின் மனநிலையை நாங்கள் அறிவோம். இன்று நூலகம் இணையத்தளம் 2005 முதல் எங்களுடைய பழைய சஞ்சிகைகளையும் நூல்களையும் காசின்றிப் படிக்கத் தந்துவரும்போது அதனை வாழ்த்தாதவர் எங்களில் இல்லை. அச்சில் மறுபடி வராத நூலைக் காப்பதும், நேற்று வெளிவந்த நூலின் வருமானத்தை எழுதியவனுக்கு எட்டாமற் செய்வதும் ஒன்றல்ல.

1891 இல் அந்தக் கதவு மூடப்பட்டது. ஆங்கில எழுத்தாளர் மீது இரக்கம் பிறந்ததால் மட்டும் அது நடக்கவில்லை. இலவசமாக டிக்கன்ஸ் கிடைக்கும்போது காசு கொடுத்து அமெரிக்கனின் நாவலை அச்சிட எந்தப் பதிப்பாளனும் முன்வருவதில்லை என்று உள்ளூர் எழுத்தாளர்கள் நீண்டகாலமாகவே முறையிட்டு வந்தனர். எழுதாத ஒழுங்கு குலைந்து, பத்துச் சதப் பதிப்புகள் சந்தையை நிறைத்தபோது பெரும் பதிப்பகத்தாருக்கும் சட்டம் தேவைப்பட்டது. அச்சுக்கோப்பாளர் சங்கங்கள் மட்டும் எதிர்த்து நின்றன. அவர்களைச் சமாதானப்படுத்த ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது: பிறநாட்டாரின் நூலுக்கு உரிமை வேண்டுமாயின் அதன் எழுத்துக்கள் அமெரிக்க மண்ணிலேயே கோக்கப்படவேண்டும், ஏனைய நாட்டில் வெளிவருவதற்குப் பிந்தாமலும் வெளிவரவேண்டும். 1891 மார்ச் 3 ஆம் திகதி ஜனாதிபதி பெஞ்சமின் ஹரிசன் கையொப்பமிட்ட இச்சட்டத்தை, அதனைக் கொண்டுவந்த செனட்டரின் பெயரால் சேஸ் சட்டம் என்பர்.

அதாவது லண்டனில் பெரிய பதிப்பகமும் நியூயோர்க்கில் கூட்டாளியும் உள்ளவனுக்கு உரிமை வந்தது. அச்சுக்கூலி கொடுக்க வழியற்ற அறிமுக எழுத்தாளனுக்குச் சட்டத்தில் வந்தது, கைக்கு வரவில்லை. பிறமொழி நூல்களுக்கு இந்நிபந்தனை 1909 இல் தளர்ந்தாலும் ஆங்கில நூல்களை அது விடவில்லை. 1965 இல் ஏஸ் புக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் டோல்கீனின் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' நாவலை அவரது அனுமதியின்றி எழுபத்தைந்து சதத்துக்கு வெளியிட்டது. அனுமதித்த அளவுக்கு மேலாக இங்கிலாந்தில் அச்சிட்ட தாள்களை இறக்குமதி செய்ததால் நூல் உரிமை இழந்துவிட்டது என்பதே அந்நிறுவனத்தின் வாதம். வாசகர்களின் கண்டனம் வலுத்த பின்னரே அது டோல்கீனுக்குப் பணம் கொடுக்க இணங்கியது. இந்த அச்சு நிபந்தனை முற்றாக நீங்கியது 1986 இல். பேர்ண் சமவாயத்தில் அமெரிக்கா சேர்ந்தது 1989 இல்.

அமெரிக்க எழுத்தாளருக்கும் இதே அடி மறுபக்கத்திலிருந்து விழுந்தது. மார்க் ட்வைனின் 'டொம் சோயர்' 1876 இல் வெளிவந்தபோது, ரொறொன்ரோவின் பெல்போர்ட் சகோதரர்கள் அமெரிக்கப் பதிப்பு வருவதற்கு முன்னரே அதனை மலிவாக அச்சிட்டு எல்லைக்கு இப்பால் தள்ளிவிட்டனர். பிரித்தானிய ஆள்புலத்தில் உரிமை பெற அந்நியனுக்கு ஒரு வழி இருந்தது. நூல் வெளியாகும் நாளில் அவன் மகாராணியின் மண்ணில் நிற்கவேண்டும். அமெரிக்க நாவலாசிரியை மரியா கம்மின்ஸ் அவ்வாறு மொன்றியலில் தங்கியிருந்ததை 1868 இல் பிரபுக்கள் சபையே ஏற்றுத் தீர்ப்பளித்தது. ஆகவே 1881 இல் 'இளவரசனும் ஏழையும்' வெளிவந்தபோது ட்வைன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொன்றியலுக்குப் போய்க் குளிரில் குந்தியிருந்தார். எழுதியவனின் உடல் எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தே எழுதியதற்கு உரிமை.

பேர்ண் சமவாயம் இதனை மாற்றப் பிறந்தது. 1886 செப்டெம்பரில் கைச்சாத்தான அதன் அடிப்படை எளிது: அங்கத்துவ நாடொன்று தன் எழுத்தாளனுக்கு அளிக்கும் உரிமையை ஏனைய அங்கத்துவ நாடுகளின் எழுத்தாளனுக்கும் அளிக்கவேண்டும். அதற்கு முந்திய ஆண்டுதான் அறிஞர் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' இங்கே வெளிவந்தது. பிரித்தானியா தன் குடியேற்றங்களையும் சேர்த்துக்கொண்டு சமவாயத்தில் நுழைந்ததால் இலங்கையும் பேரரசின் வாலாக உள்ளே போனது. சுதந்திர நாடாக 1959 இல் தன் பெயரிலேயே சேர்ந்தது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், எழுதியவர் வாழும் காலத்துக்கும் அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கும் பாதுகாப்பளிக்கிறது. அக்கரைப்பற்றில் எழுதப்பட்ட சிறுகதைக்கும் அமெரிக்காவின் பொஸ்டனில் எழுதப்பட்ட சிறுகதைக்கும் சட்டத்தின் முன் இன்று வேறுபாடில்லை.

வேறுபாடு பணம் வரும் குழாயில் இருக்கிறது. அமேசன் நிறுவனம் 2007 நவம்பரில் கிண்டில் கருவியை வெளியிட்டபோதே எழுத்தாளர் தாமே நூலை ஏற்றும் வசதியையும் தொடங்கியது. ஆனால் 2010 ஜனவரியில்தான் அவ்வசதி ஏனைய உலக நாடுகளுக்கும் திறக்கப்பட்டது. அப்போதும் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளுக்கே இடமிருந்தது. இந்திய மொழிகள் ஐந்தில் கிண்டில் நூல்களை அந்நிறுவனம் 2016 டிசம்பரில் அறிமுகப்படுத்தியபோது தமிழும் அவற்றுள் வந்தது. சிங்களம் வரவில்லை. எங்களுக்கு அந்த வாசல் கிடைத்தது தமிழகத்தின் சந்தை பெரிதென்பதால். இலங்கை என்பதால் அல்ல. இணையத்தளங்களில் விளம்பரம் தந்து பணம் கொடுக்கும் கூகிளின் அட்சென்ஸ் தமிழை ஏற்றது 2018 பெப்ரவரியில்.

மொழி ஏற்கப்பட்ட பின்னரும் கணக்கு வேறு. கிண்டில் நூலுக்கு எழுத்தாளனின் பங்கு 35 வீதம். 2010 நடுப்பகுதியில் 70 வீதப் பங்கும் வந்தது. நூலின் விலை 2.99 டொலருக்கும் 9.99 டொலருக்கும் இடைப்பட்டிருக்கவேண்டும். அத்தோடு வாங்குபவர் குறித்த சில நாடுகளில் இருக்கவேண்டும். இந்நாடுகளின் பட்டியலில் இலங்கை இடம்பெறவில்லை. ஒரே நூலை ரொறொன்ரோவில் இருக்கும் வாசகர் வாங்கினால் எழுத்தாளனுக்கு எழுபது, கல்முனையில் இருக்கும் வாசகர் வாங்கினால் முப்பத்தைந்து. இந்திய வாசகர் வாங்கும்போது எழுபது வேண்டுமாயின் நூலை வேறெங்கும் மின்வடிவில் விற்பதில்லை என்று ஒப்புக்கொள்ளவேண்டும்.

வங்கிக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் ஒழுங்கில்லாத நாட்டவர்களுக்கு ஆரம்ப ஆண்டுகளில் காசோலை அனுப்பப்பட்டது. அதற்கு நூறு டொலர் சேரவேண்டும். இங்கிலாந்துச் சந்தையாயின் நூறு பவுண், ஐரோப்பியச் சந்தையாயின் நூறு யூரோ, தனித்தனியாக. 99 சதத்துக்கு விற்கும் கவிதைத் தொகுதிக்கு 35 வீதப்படி கிடைப்பது ஏறக்குறைய முப்பத்தைந்து சதம். வரி எதுவும் பிடிக்காவிட்டாலும் ஒரே சந்தையில் 289 பிரதிகள் விற்றால்தான் முதற் காசோலை. நாங்கள் அச்சில் போடுவதே முந்நூறு பிரதிகள். அதிலும் பாதி வெளியீட்டு விழாவில் முதற்பிரதி பெறும் புரவலரின் தயவில் போகிறது. வந்த காசோலையை உள்ளூர் வங்கி தன் தரகைக் கழித்துக்கொண்டு மாற்றிக் கொடுக்க வாரக்கணக்காகும்.

வரியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அமெரிக்கச் சந்தையில் விற்கும் நூலின் உரிமைப்பணத்தில் அந்நாடு பிறநாட்டாரிடமிருந்து 30 வீதத்தைப் பிடித்துக்கொள்வது பொதுவிதி. இரு நாடுகளுக்கிடையே வரி உடன்படிக்கை இருந்தால் வீதம் குறையும். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் வாழும் தமிழ் எழுத்தாளர் உரிய படிவத்தை நிரப்பினால் எதுவும் பிடிபடாது. சென்னையில் இருப்பவருக்கு 15 வீதம். இலங்கையில் இருப்பவருக்கு, 1985 இல் கைச்சாத்தாகி 2004 இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி 10 வீதம். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அத்தகைய உடன்படிக்கை இல்லாததால் அங்குள்ள தமிழ் எழுத்தாளருக்கு முழுதாக 30 வீதம். எங்களுக்கு வாய்த்த இந்தச் சிறு நன்மையைப் பற்றிக் கூட்டங்களில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆரம்பத்தில் இச்சலுகையைக் கோர அமெரிக்க வரி இலக்கம் பெறவேண்டியிருந்தது. அதற்குக் கடவுச்சீட்டின் மூலத்தையோ அத்தாட்சிப்படுத்திய பிரதியையோ அனுப்பவேண்டும். பின்னர் சொந்த நாட்டு வரி இலக்கமே போதும் என்றாயிற்று.

கட்டுரையும் கதையும் எழுதிச் சந்தா பெறும் தளங்களின் கதை இன்னும் சுருக்கமானது. சப்ஸ்டாக் போன்றவை ஸ்ட்ரைப் என்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தின் மீது கட்டப்பட்டவை. 2017 இல் எழுத்தாளருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிய மீடியம் தளமும் அதனையே நம்பியிருந்து, 2023 இல்தான் மேலும் பல நாட்டவருக்கு இடமளித்தது. ஸ்ட்ரைப் கணக்குத் திறக்கும் நாடு எது என்பதே எவர் சம்பாதிக்கலாம் என்பதைத் தீர்மானித்தது. பேபால் மூலம் இலங்கையிலிருந்து பணம் அனுப்பலாம், இலங்கைக்குப் பெறமுடியாது என்ற நிலையும் நீண்ட ஆண்டுகள் நீடித்தது. வாங்க மட்டும் எங்களுக்கு வழியிருந்தது.

எனது சிறுகதைகள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து ஒரு தளத்தில் இட முயன்றேன். பெயர், முகவரி, நூலின் அட்டை எல்லாவற்றையும் அது ஏற்றுக்கொண்டது. வங்கி இருக்கும் நாட்டைத் தெரிவுசெய்யும் இடத்தில் எங்கள் நாடு காணப்படவில்லை. மறுப்புக் கடிதம் எதுவும் வரவில்லை, மறுத்தவர் எவருமில்லை. பட்டியலை மேலும் கீழுமாக நகர்த்திப் பார்த்துவிட்டுக் கணினியை அணைத்தேன்.

எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் அவ்வாறு அணைத்துவிடவில்லை. லண்டனில் வாழும் அக்காவின் கணவருடைய பெயரிலும் கணக்கிலும் தன் நாவலை ஏற்றினார். எப்படிப் போகிறது என்று விசாரித்தேன்.

"காசு வாறது மச்சான்ட கணக்குக்குத்தானே நானா. எவ்வளவு வந்த எண்டு அவருக்கிட்ட கேக்க வெக்கமா இரிக்கி" என்றார்.

ட்வைன் மொன்றியலில் போய்க் குந்தியிருந்தது சட்டப்படி சரி. இந்த இளைஞர் செய்தது தளத்தின் விதிகளுக்கு மாறு. எவராவது முறையிட்டால் கணக்கு மூடப்படும். நாவலின் உரிமையாளர் என்று அங்கே பதிவாகியிருப்பவரும் மச்சான்தான்.

இந்த நாட்டிலிருந்தே உலகச் சந்தையில் பெரும் வருமானம் பெற்ற எழுத்தாளரும் உண்டு. 1956 இல் இலங்கைக்கு வந்து 2008 இல் கொழும்பில் காலமான ஆதர் சீ. கிளார்க் தம் நாவல்களுட் பலவற்றை இங்கிருந்தே எழுதினார். அவருடைய முகவர்களும் பதிப்பகங்களும் லண்டனிலும் நியூயோர்க்கிலும் இருந்தன. எழுதிய மொழி ஆங்கிலம். கொழும்பில் இருந்ததால் அவருடைய வரவு நின்றுவிடவில்லை. ஆகவே தீவில் வாழ்வதே தடை என்று சொல்லிவிட முடியாது. குழாயின் மறுமுனையை அங்கே பிடித்திருக்க ஒருவர் தேவைப்பட்டார்.

1837 இல் மனுவில் கையொப்பமிட்டவர்களுக்கு அதனை எங்கே கொடுப்பதென்று தெரிந்திருந்தது. கேட்கும் சபை ஒன்றிருந்தது. மறுக்கும்போது பெயர் சொல்லி மறுத்தது. ஒரு கம்பனியின் நாட்டுப் பட்டியலுக்கு அவ்வாறான சபையில்லை. கம்பனி உள்நாட்டுச் செலாவணி விதிகளைக் காட்டும். இங்குள்ளவர்கள் கம்பனியின் வியாபார முடிவு என்பார்கள். ஆனால் விதி அசைந்தால் பட்டியலும் அசையும் என்பதற்கு அயலிலேயே உதாரணமுண்டு. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதிகளை ஒட்டி 2011 மார்ச்சில் பேபால் வழியாகப் பெறும் ஒவ்வொரு தொகைக்கும் 500 டொலர் என்ற எல்லை வந்தது. பின்னர் அதே வங்கியே அந்த எல்லையை உயர்த்தியது. மென்பொருள் செய்பவர்களும் சிறு ஏற்றுமதியாளர்களும் அங்கே கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இங்கே மத்திய வங்கியிடம் இதுபற்றிக் கேட்பவர்கள் தகவல் தொழில்நுட்பத் துறையினரே. வெளிநாட்டு உரிமைப்பணம் பெறுபவர் என்ற வகையில் எழுத்தாளரின் பெயர் எந்தக் கோரிக்கையிலும் இருப்பதாகத் தெரியவில்லை. எங்கள் பிரதேசத்திலேயே பதிவுசெய்யப்பட்ட கலை இலக்கியப் பேரவைகள் பல உள்ளன. கடிதத்தாளும் இறப்பர் முத்திரையும் அவற்றிடம் உண்டு. மூன்று கேள்விகள் போதும். நூல் உரிமைப்பணமாக வரும் சிறு தொகையை எந்த வங்கி, எந்தக் கணக்கில், என்ன தரகுக்கு ஏற்கும்? வரிச் சலுகைப் படிவத்துக்கு வேண்டிய எங்கள் வரி இலக்கத்தை எழுத்தாளர் எந்த அலுவலகத்தில், எத்தனை நாளில் பெறலாம்? பணப்பரிமாற்ற நிறுவனங்கள் இங்கே வர எந்த விதி தடை? கடிதத்தை மூன்று மொழிகளிலும் எழுதிச் சிங்கள எழுத்தாளர் சங்கங்களின் கையொப்பத்தையும் பெற்றுவிடுவது நல்லது. அவர்களுக்கு எங்களை விட ஒரு வாசல் குறைவு.